இன்று வராதவர்கள்

ஜூன் 12, புதன்

பள்ளிக்கூடத்தில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கிவிட்டார்கள். விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. ரப்பர் பந்து வாசனை இன்னும் போகவில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, எடை பார்க்கும் மிஷின், மருந்து அலமாரி. ஜன்னலைத் திறந்தால் சாலை. எதிரே கிளை நூலகம், அதை ஒட்டி பஸ் நிறுத்தம்.

தலைமையாசிரியை சொர்ணத்தாய் டீச்சர் என் முன்னால் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்தார்.

"பழைய மாணவர் சங்கத்துல ஒரு வருஷத்துக்கு உங்களப் போட்டிருக்காவ, சிஸ்டர். ஒண்ணாங்கிளாசும் ரெண்டாங்கிளாசும் சேத்து அறுவத்தோரு பிள்ளைய. தெனமும் பதிமூணு பதினாலு வராது. கேட்டா காய்ச்சல்ம்பாவ, வயித்துவலிம்பாவ. ஒரு நர்ஸ் இருந்தா இது கொறையுமான்னு அவியளுக்குப் பாக்கணுமாம். எனக்கும் பாக்கணும்."

குறையும் என்றேன். சவுதியில் பதினொரு வருஷம் ஐ.சி.யூ.வில் நின்றவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு.

சாயங்காலம் எமிலி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்சா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "வாங்க மம்மி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மூன்று வயதிலிருந்து அக்காவிடம் வளர்ந்த பிள்ளை. அக்காதான் அவளுக்கு அம்மா. நான் போனில் பேசுகிற மம்மி. இப்போது அவளுக்குப் பதினாலு.

அடுத்த தெருவில் மாடி வீடு எடுத்திருக்கிறேன். கிழக்குப் பார்த்த அறையில் அவளுக்கு மேசை போட்டாயிற்று. எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

"காலாண்டுப் பரீட்சை முடியட்டும், மம்மி."

நியாயந்தான். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

ஜூன் 13, வியாழன்

இன்று வராதவர்கள் இருபத்திரண்டு பேர். ஊசி போட ஒருத்தி வந்திருக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சாம்.

ஜூன் 24, திங்கள்

வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் மூன்று மணிக்கு மேல் நடக்கிறேன். எல்லோரும் சொல்கிற காரணம் காய்ச்சல். உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தால் வேறு காரணம் வருகிறது.

அந்தோணிராஜுக்குக் காதில் சீழ். வாய்க்காலில் முங்கிக் குளிக்கிறான். இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் சொறி. பெரியவனுக்கு மட்டும் மருந்து போட்டிருக்கிறார்கள், சின்னவனிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் போடச் சொல்லி, நானே முன்னால் நின்றேன். அவர்கள் அப்பா சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டார்.

ஒண்ணாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் நாலு பேருக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல். ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறதா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இன்று கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில் இருக்கிறது. கதவைச் சாத்த எட்டாததால் காலையிலிருந்து நாலு மணி வரை அடக்கி வைத்திருக்கிறார்கள். அதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை.

நாளைக்கு ஆசாரி வருகிறார்.

ஜூன் 25, செவ்வாய்

தாழ்ப்பாளைக் கீழே இறக்கியாயிற்று. ஒரு பிள்ளை உள்ளே போய்ப் பூட்டுவதும் திறப்பதுமாக ஒரு மணி நேரம் விளையாடியது.

ஜூலை 3, புதன்

இரண்டாம் வகுப்புப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வெறும் சிவப்பு மைதான். மகிழினி, ஏழு வயது. போன ஜனவரியிலிருந்து வரவில்லை.

"அது சுகர் பிள்ளை, சிஸ்டர்" என்றார் சொர்ணத்தாய் டீச்சர். "பிள்ளைக்கே சுகர். வெளையாட்டுப் பீரியட்ல கீழ விழுந்து வெட்டு வந்துட்டு. டீச்சர் காக்காவலிப்புன்னு நெனச்சி கையில சாவிக்கொத்தக் குடுத்திருக்கா. நல்லவேளை, அவ அம்மா அந்தப் பக்கமா வந்தா, சீனிய அள்ளி வாயில போட்டா. அதோட கூட்டிட்டுப் போனவதான்."

வீடு வாழைத்தோப்பைத் தாண்டி. அம்மா பெயர் இசக்கியம்மாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். முன்பு வாழை இலை அடுக்கிக் கட்டுகிற வேலைக்குப் போனவள், பிள்ளைக்காக விட்டுவிட்டாள். புருஷன் வாழைத்தார் ஏற்றுகிற லாரியில் போகிறான். பிள்ளை நிலைப்படியில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. ஒல்லி. கண் மட்டும் பெரிது.

"மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி உண்டு" என்றாள். "அங்க யாரு போடுவா?"

"நான் போடுவேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"போனதடவையும் பாத்துக்கிடுதோம்னுதான் சொன்னாவ."

கதவைச் சாத்திவிட்டாள்.

ஜூலை 10, புதன்

மூன்றாவது முறையாக மகிழினி வீடு. இன்று உள்ளே கூப்பிட்டாள். இன்சுலினை ஈர மணல் போட்ட மண் கலயத்தில் வைத்திருக்கிறாள். ஒரு நோட்டில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, என்ன சாப்பிட்டாள் என்று வரி பிசகாமல் எழுதியிருக்கிறாள். எட்டாவது வரை படித்தவளாம். எங்கள் ஐ.சி.யூ.வில் இவ்வளவு ஒழுங்கான குறிப்பை நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தாள்.

பிறகு கேட்டாள்: "நீங்க பிள்ள பெத்தவியளா?"

"ஒரு பொண்ணு."

"எங்க படிக்கி?"

"இங்கதான், பெரிய பள்ளிக்கூடத்துல. எங்க அக்கா வீட்ல இருக்கா. அவ அப்பா விபத்துல தவறிட்டாரு. நான் வெளிநாட்டுல இருந்தேன்."

"எத்தன வயசுல விட்டுட்டுப் போனிய?"

"மூணு."

இசக்கியம்மாள் மகிழினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை மடியில் வைக்கிற வயதைத் தாண்டிவிட்டது.

வழியெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது. வேலை நிமித்தமாகப் போனேன். ஊரில் எத்தனை பேர் போகிறார்கள்! இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்திருக்கிறேன். திரும்பிப் போகும்போது மட்டும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிடுவேன். சொன்னால் அழுவாள், சொல்லாமல் போ என்று அம்மா, அக்கா, அத்தான் எல்லோரும் சொன்னார்கள். அழவேயில்லை என்று பிறகு போனில் சொல்வார்கள்.

நல்லதுக்குத்தான் செய்தோம்.

ஜூலை 22, திங்கள்

மகிழினி வந்துவிட்டாள். டாக்டரின் கடிதம், ஊசி அளவு, எல்லாம் வாங்கியாயிற்று. இசக்கியம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள்: அவளும் கூடவே இருப்பாள். காலை ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். கண் இரண்டாம் வகுப்பு வாசலை விட்டு நகரவில்லை.

பன்னிரண்டே காலுக்கு விரலில் குத்திப் பார்த்தேன். 143. ஊசி போட்டேன். மகிழினி என் கையைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா போட்டா வலிக்காது" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அக்சாவுக்குப் பிறந்தநாள் வருகிறதே என்று நேற்று தூத்துக்குடி போய் ஒரு சுடிதார் எடுத்து வந்தேன். போட்டுப் பார்த்தாள். தோள் பிடிக்கிறது. "பரவால்ல மம்மி, நல்லாருக்கு" என்றாள். கையைத் தூக்க முடியவில்லை. கடைக்காரி அளவு கேட்டபோது என் கை காட்டிய உயரம் எந்த வருஷத்து அக்சாவுடையது என்று தெரியவில்லை.

அக்கா உடனே மிஷினில் உட்கார்ந்து தையலைப் பிரித்து விட்டுத் தந்தாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அதே சுடிதாரில் கோவில் ஆராதனைக்கு வந்தாள். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தை அக்கா பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள். கண்ணாடி போடாமல் அக்காவுக்குப் படிக்க வராது, அதனால் இருக்கும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இந்த மாதச் சராசரி: தினமும் எட்டுப் பேர். சொர்ணத்தாய் டீச்சர் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தார். ஆனால் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்திருக்கிற இசக்கியம்மாளைப் பார்த்தால் அவருக்கு ஆகவில்லை.

"மத்த தாய்மாரும் நாளைக்கி வந்து உக்காருவாவ, சிஸ்டர். எத்தன நாளைக்கி?"

"அவளுக்குப் போதும்னு தோணுற வரைக்கும்" என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

இன்று காலை பத்தே முக்காலுக்கு ஒரு பிள்ளை ஓடி வந்தது. "சிஸ்டர், மகிக்குக் கை ஆடுது. பேசவே மாட்டக்கா."

இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்கும் பிள்ளைகளுக்கும் நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன்: வேர்த்தால், கை நடுங்கினால், பேச்சுக் குளறினால் யாரிடமும் கேட்காமல் என்னைக் கூப்பிட வேண்டும். ஆசிரியை அவளைக் கீழே உட்கார வைத்து அணைத்துப் பிடித்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. குத்திப் பார்த்தேன். 52. குளுக்கோஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தால் 88. ஒரு பிஸ்கட் தின்றுவிட்டு, "நான் போயி எழுதட்டா?" என்று கேட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். இசக்கியம்மாள் வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதினைந்து நிமிஷமும் அப்படியேதான் நின்றிருக்கிறாள்.

"ஏன் உள்ள வரல?"

"நீங்க செய்யிறியளான்னு பாத்தேன்" என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஆள் இல்லை. பிள்ளையைக் கேட்டில் விட்டுவிட்டு அப்படியே இலை கட்டுகிற வேலைக்குப் போய்விட்டாளாம். போகும்போது மகிழினியிடம் சொன்னாளாம்: நாலு மணிக்கு வாரேன், இந்தக் கல்லுல உக்காந்திரு.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். கையெல்லாம் வாழைக்கறை. மகிழினி அவளைப் பார்த்த பார்வையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பெரிய விஷயமும் இல்லை அதில். வருவாள் என்று தெரிந்தவள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அதற்கு மேல் இன்று எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்தது. மெத்தை வாங்கிப் போட்டிருந்தேன். அக்சா இரண்டு நாள் வந்து தங்கினாள். தட்டைக் கழுவி வைத்தாள், தரையைப் பெருக்கினாள். விருந்தாளி வீட்டில் இருப்பதுபோல, கேட்டதற்கெல்லாம் "சரிங்க மம்மி."

"அரையாண்டு முடியட்டுமே" என்றாள், கிளம்பும்போது.

அக்கா அவள் பையை வாங்கிக்கொள்ள வந்திருந்தாள். தெருமுனை வரை இருவரும் என்னமோ பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பொன்னுக்கு வீங்கி. ஒண்ணாம் வகுப்பில் ஏழு பேர். வீங்கிய கன்னத்தோடு ஒரு பையன், கழுத்தில் யாரோ போட்ட தங்கச் சங்கிலியோடு வாசலில் நிற்கிறான். வீக்கம் வந்து ஐந்து நாள் வீட்டில் இருக்கட்டும், வீங்காத அண்ணன் தங்கையை அனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தேன். இரண்டு செருப்பு தேய்ந்துவிட்டது.

நவம்பர் 6, புதன்

பழைய ஆஸ்பத்திரியிலிருந்து போன். என் சூப்பர்வைசராக இருந்த கோட்டயத்துக்காரி அன்னம்மா சேச்சி. என் பழைய இடம் காலியாகிறது, ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும், முப்பதாம் தேதிக்குள் பதில் சொல் என்றாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று அவளிடம் திரும்பப் பேசினேன். இங்கே என்னை யாரும் தேடவில்லை சேச்சி என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஜனவரியில் டிக்கெட் கிடைக்குமா என்றும் கேட்டேன். சும்மா ஒரு விவரத்துக்கு.

கீழே இறங்கினால் படிக்கட்டில் அக்காவின் டிபன் கேரியர் இருந்தது. இறால் தொக்கு, இன்னும் சூடாக. அக்சாதான் கொண்டு வந்து வைத்திருக்க வேண்டும். கூப்பிடாமலே போய்விட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

வராதவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் காரணம் தெரியும். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை எழுதி வைக்கிறேன், யாருக்காகவும் அல்ல.

நவம்பர் 20, புதன்

அக்காவிடம் சவுதி விஷயத்தைச் சொன்னேன். மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஒரு நொடி அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே அதை மறைக்கப் பார்த்து, முடியாமல் அழுதாள்.

"பிள்ளையக் கொண்டு போயிருவன்னு ஜூன் மாசத்துலருந்து எனக்குச் சோறு எறங்கலட்டி, பியூலா. எனக்கு வேற பிள்ளையா இருக்கு? ஆனா நீ பாக்குத பார்வையும் என்னால தாங்க முடியல. நான் என்ன செய்ய?"

அவள் கை மீன் நாற்றத்தோடு என் கையைப் பிடித்திருந்தது.  அக்சா பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம் ஆனதும் எழுந்து முகம் கழுவினோம்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

அக்சா படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் இரும்புச்சத்து மாத்திரை பற்றிப் பிள்ளைகளுக்குப் பேச வரச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றரைக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புக்கும் பேச வேண்டியிருந்தது. அக்சா முன்னால் நன்றாகப் பேச வேண்டும் என்று காலையில் கண்ணாடி முன்னால் சொல்லிக்கூடப் பார்த்தேன். வகுப்பில் அவள் இல்லை.

வகுப்பாசிரியை லீலாவதி டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீங்க எந்திரிச்சி நடமாடுதிய, சந்தோஷம். இப்ப உடம்பு பரவால்லயா?"

"எனக்கென்ன?"

"அம்மாவுக்கு முடியல, பக்கத்துல இருக்கேன்னு பிள்ள சொல்லிட்டுப் போச்சே. பதிமூணு நாளாச்சி. போன் போட்டுப் பாத்தேன். ரிஜிஸ்டர்ல வெளிநாட்டு நம்பர்தான் இருக்கு. போவவே இல்ல."

அக்காவுக்குப் போன் செய்தேன். "காலையில யூனிபார்ம் போட்டு, சோத்துப்பை எடுத்துட்டுத்தானட்டி போனா" என்றாள். 

ஆறு மாதமாக ஊர்ப் பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக நடந்தவள் நான். என் பிள்ளையை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. ஆற்றங்கரைக்குப் போனேன். கோவிலுக்குப் போனேன். கால் தானாகவே என் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. சொர்ணத்தாய் டீச்சரிடம் சொல்லலாம் என்று கேட்டைத் திறக்கும்போது, எதிரே நூலகத்தின் பக்கச் சுவரில், என் ஜன்னலுக்குத் தெரியாதபடி, அவளுடைய சைக்கிள் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன்.

உள்ளே சாலைப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பத்திரிகை விரித்தபடி இருந்தது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் என் அறை தெரிகிறது. பஸ் நிறுத்தமும் தெரிகிறது.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நூலகர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஏம்மா போகல?"

சைக்கிள் சாவியைப் பைக்குள் போட்டாள்.

"இங்கேயா இருந்த இத்தனை நாளும்? வெள்ளிக்கிழமை நூலகம் லீவாச்சே?"

"வெள்ளிக்கிழம பஸ் ஸ்டாப்புல இருந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க சவுதிக்குப் போறியள்ல."

அன்று படிக்கட்டில் வைத்துவிட்டுப் போன டிபன் கேரியர் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அது ஜனவரிக்கு. அதுவும் நான் இன்னும் முடிவு பண்ணல. இப்ப நவம்பர்லேயே நீ எதுக்குப் பள்ளிக்கூடத்தை விடணும்?"

"போன தடவ வெள்ளிக்கிழம போறேன்னு சொல்லிட்டு, புதன்கிழமையே போயிட்டிய. பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தா சூட்கேஸக் காணும். அதுக்கு முந்துன தடவையும் அப்படித்தான். எல்லாத் தடவையும் நான் பள்ளிக்கூடத்துல இருக்கும்போதுதான் போனிய." கையால் பத்திரிகையை மடித்துக்கொண்டே இருந்தாள். "அதான் நான் போவல."

"என்னைத் தடுத்து நிறுத்தலாம்னா இருந்த?"

"நிறுத்தல்லாம் இல்ல மம்மி. நீங்க போறதப் பாக்கணும். ஒரு தடவையாச்சும் பாக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

 அவளைத் தொடலாமா என்றுகூடத் தெரியவில்லை. பதினொரு வருஷமாக அவள் அழவில்லை என்று போனில் கேட்டு நிம்மதியாக வேலைக்குப் போனேன். இன்றும் அவள் அழவில்லை.

"நான் போகல, அக்சா" என்றேன்.

"சரிங்க" என்றாள். நம்பவில்லை.

நவம்பர் 27, புதன்

அன்னம்மா சேச்சிக்கு வரமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். அக்சாவிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"இப்ப இப்படி அனுப்பலாம். நாளைக்கி வேற மாதிரி அனுப்பலாம்ல" என்றாள். குத்திக்காட்டவில்லை, அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

சத்தியம் செய்ய வாயெடுத்தேன். இசக்கியம்மாள் ஞாபகம் வந்தது. அவள் என் வார்த்தையைக் கேட்டு நம்பவில்லை. ஏழு வாரம் உட்கார்ந்து பார்த்துத்தான் நம்பினாள்.

"உன் பள்ளிக்கூடம் நாலு இருபதுக்கு விடும். எங்க கேட்டைத் தாண்டித்தான் நீ வீட்டுக்குப் போகணும். தினமும் நான் அங்க நிப்பேன். நீ என்கூடப் பேச வேண்டாம். நிக்கிறேனான்னு பாத்துட்டுப் போ."

"என்னைக்கி வரைக்கும்?"

"நீ போதும்னு சொல்ற வரைக்கும்."

யோசித்தாள். "நாளைக்கி லீவ் லெட்டர் குடுக்கணும். பதிமூணு நாளுக்கு. நேத்தும் இன்னைக்கும் சேத்தா பதினஞ்சு" என்றாள்.

காரணம் என்ன எழுத என்று அவள் கேட்கவில்லை. எழுதி முடித்து நீட்டினாள். அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக. ஆறு மாதமாக நான் வீடு வீடாகப் போய்க் கலைத்த பொய் அது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

நாலு இருபத்தெட்டு. ஒரு காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தினாள். பார்த்தாள். போய்விட்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

நாலு இருபத்தாறு. அதேதான்.

டிசம்பர் 5, வியாழன்

மழை. குடையோடு நின்றேன். கூட வந்த தோழியிடம் என்னமோ சொன்னாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

"சாப்ட்டியளா?" என்று கேட்டாள். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் போய்விட்டாள். அறைக்குப் போய் துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் மகிழினி வரவில்லை. ஜூலையில் வந்ததற்கு அப்புறம் அவள் பெயருக்கு நேரே முதல் சிவப்பு. மூன்று மணிக்கு ஒரு பையன் வந்து, இசக்கியம்மாள் உடனே வரச் சொன்னதாகச் சொன்னான்.

பிள்ளை துவண்டு கிடந்தாள். காலையிலிருந்து வாந்தி, காய்ச்சல். சாப்பிடவில்லையே என்று பயந்து ஊசியைப் போடாமல் விட்டிருக்கிறாள் இசக்கியம்மாள். சர்க்கரை 380க்கு மேல். மூச்சு வேகமாக இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே கொண்டு வாருங்கள் என்றார். ஆட்டோ பிடித்து, கலயத்து மருந்தையும் நோட்டையும் எடுத்து வைத்து, பிள்ளையை ஏற்றினேன். "நீங்களும் ஏறுங்க சிஸ்டர்" என்றாள். பாதி தூரம் கூடப் போய், எதிரே வந்த அவள் புருஷனை ஏற்றிவிட்டு நான் இறங்கிக்கொண்டேன்.

இறங்கி மணியைப் பார்த்தால் நாலு ஐம்பது.

மழை பிடித்துக்கொண்டது. பஸ் இல்லை. ஓடினேன். நாற்பத்திரண்டு வயதில், நனைந்த சேலையோடு, வாழைமண்டி ஆட்களெல்லாம் பார்க்க ஓடினேன். போயிருப்பாள், கேட்டைப் பார்த்திருப்பாள், யாரும் இல்லை என்று கண்டிருப்பாள், அதோடு தீர்ந்தது என்று ஒவ்வோர் அடிக்கும் தோன்றியது. அவளுக்கு நான் எதைக் கொண்டு நிரூபிப்பேன்?

கேட்டருகே சைக்கிள் நின்றது. சொர்ணத்தாய் டீச்சர் பூட்டுச் சாவியோடு வராந்தாவில் நின்றிருந்தார்.

"ஒரு மணி நேரமா இருக்கா, சிஸ்டர். வீட்டுக்குப் போம்மான்னேன். இல்ல, அவங்க வந்துருவாங்கன்னு சொல்லிட்டா."

என் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. என்னைப் பார்த்ததும் முகம் சிவந்து, உதடு கோணிவிட்டது. மூன்று வயதில் அழுவதற்கு முன்னால் அப்படித்தான் கோணும்.

"எங்க போன?"

"மகிழினிக்கு ரொம்ப முடியலம்மா, ஆஸ்பத்திரிக்கு..."

"சொல்லிட்டுப் போவ மாட்டியா? டீச்சர்ட்டயாச்சும் சொல்லிட்டுப் போவக் கூடாதா? மணி என்னாச்சி பாத்தியா? நான் என்னன்னு நெனைக்க?"

கத்தினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை, கத்திக்கொண்டே இருந்தாள். நான் திட்டு வாங்குகிற ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசற்படியிலேயே நின்றேன்.

"தப்புத்தான். இனிமே சொல்லிட்டுப் போறேன்."

"சொல்லணும்."

"சொல்றேன்."

சேலை முந்தானையை நீட்டினேன். அது நனைந்திருந்தது. ஆனாலும் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகிழினிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நாங்கள் கிளம்பும்போது இசக்கியம்மாள் போன் செய்தாள்: டிரிப் ஏற்றியிருக்கிறார்கள், கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

அக்சா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். அக்கா வீட்டுக்குத்தான் நடந்தோம். எப்போது என் வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்கா தெருவுக்கே வந்து நின்றிருந்தாள். "ஏட்டி, எவ்ளோ நேரம்? எங்க போயிட்டு வாறிய ரெண்டு பேரும்?"

அக்சா சைக்கிளை ஸ்டாண்டு போட்டாள். என்னைக் கையால் காட்டினாள்.

"இவகிட்ட கேளும்மா. யார்ட்டயும் சொல்லாம எங்கயோ போயிட்டு, இப்பதான் வாரா."